கலவன் எடுத்தவளும் வெள்ளைக்கரைச் செடியும்

போன வாரம் ஜெசிந்தா ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள். விதை நெல் வயல்களைச் சுற்றிவந்து, இது விதைக்கு ஆகும், இது ஆகாது என்று சான்று கொடுக்கிற வேலை. ஆனால் படத்தில் இருந்தது நெல் இல்லை. எங்கள் பழைய அலுவலகத்தின் பின்புறம், தூங்குமூஞ்சி மரத்து நிழலில் நிற்கிற அரேலியாச் செடி. வட்ட வட்டமான இலை. ஒவ்வொரு இலைக்கும், துவைத்து மடித்த வேட்டிக்கு இருப்பதுபோல, ஓரத்தில் ஒரு வெள்ளைக்கரை.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "மேடம், ஃபோன்ல ஒரு ஆப் வந்திருக்கு. இலையைக் காட்டினா என்ன நோய்னு சொல்லுது. இதுக்கு ஜிங்க் பத்தாக்குறையாம். ஜிங்க் சல்பேட் போடவா? அடியிலேர்ந்து ஒரு கிளை மட்டும் கரையே இல்லாம முழுப் பச்சையா தளதளன்னு வருது. செடி தேறிக்கிட்டிருக்குன்னு நினைக்கிறேன்."

நான் ரொம்ப நேரம் சிரித்தேன். அந்த ஆப்பை யார் செய்தார்களோ தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் என்னோடு வேலை பார்த்த குமரவேல்தான் உள்ளே உட்கார்ந்து பதில் சொல்கிறார் என்று சத்தியமே செய்வேன்.

உடனே கூப்பிட்டேன். "ஜெசி, எதையும் போடாதே. அந்தப் பச்சைக் கிளையை அடியோட எடுத்துடு."

"ஐயோ, ஏன் மேடம்? அதுதானே நல்லாயிருக்கு?"

இந்தக் கேள்விக்கு ஃபோனில் பதில் சொல்ல முடியாது. எழுதுகிறேன்.

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, இந்த வயதில் யாராவது வேலையை விடுவார்களா என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரே நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. நாற்காலிப் பதவி வரப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து வந்துவிட்டேன். அதற்கு முன் இருந்ததெல்லாம் நடைதான். ஸ்கூட்டியை மதகடியில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நடந்த நடை. பயிற்சிக் காலத்தில் படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கால் படித்தது மட்டும் இன்னும் இருக்கிறது.

அந்த நடைக்கு ஒரு முறை உண்டு. சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வயலுக்குள் இறங்க வேண்டும். எந்தச் செடியையும் பார்க்கக் கூடாது. வயலை மொத்தமாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டே நடந்தால், சேராதது தானாக எழுந்து கண்ணில் குத்தும். மற்றதெல்லாம் கதிர் தள்ளாத நேரத்தில் ஒன்று மட்டும் தள்ளியிருக்கும். ஒன்று தலை உயர்ந்து நிற்கும். ஒன்றின் நெல் நுனியில் மீசை இருக்கும். ஒன்றின் அடித்தண்டு வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருக்கும். இதற்குக் கலவன் என்று பெயர். வேரோடு பிடுங்க வேண்டும், விட்டால் அடியிலிருந்து மறுபடி தூர் கட்டும். பிடுங்கியதை வரப்பில் போடாமல் வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும்.

ஒருதடவை திருப்பனந்தாள் பக்கம் ஒரு விவசாயி, நான் பிடுங்கிய தூரை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுவும் நெல்லுதானே? வேகவச்சா சோறாகாதா?"

"சோறாகும். விதையாகக் கூடாது."

அந்தப் பதிலில் எனக்கு அப்போது ஒரு மிடுக்கு இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, அந்தத் தூரைக் கொண்டுபோய்ப் பம்பு செட் ஓரத்துச் சேற்றில் ஊன்றினார். மெனக்கெட்டு ஊன்றிவிட்டு, "இது விதை இல்ல, வேடிக்கை" என்றார். நான் கண்டுகொள்ளாததுபோல வந்துவிட்டேன். ஆனால் அடுத்த தடவை போனபோது முதலில் பம்பு செட்டுப் பக்கம்தான் போனேன்.

பிறகு எட்வின் சார் அதிகாரியாக இருந்த அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனேன். அந்த அலுவலகம் எந்த ஊரில் என்பது வேண்டாம். சீர்காழியிலிருந்து பஸ் ஏறினால் தூக்கம் வருவதற்குள் வந்துவிடும். எட்வின் சாருக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. சட்டைப் பையில் பேனா இருக்காது. கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு லென்ஸ் இருக்கும், விதையின் மூக்கைப் பார்க்கிற சின்ன லென்ஸ். அவர் யாரிடமும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பயந்து நாங்கள் இரண்டு தடவை வயலுக்குப் போவோம்.

குமரவேல் ஒருநாள் வந்து நின்றார். அவரும் என்னைப் போல வயல் பார்க்கிறவர். சத்தமான ஆள், ரப்பர் பூட்ஸ் நனையாத ஆள்.

"வயல் முழுக்கச் சுத்தம் சார். ஒரு கலவன் இல்ல."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தேன் சார். வரப்புல நின்னு..."

"வரப்புல நின்னா பாதி பாத்தீங்க, பாதி நெனச்சீங்க. டீ சாப்டுட்டு மிச்சப் பாதியைப் பாத்துட்டு வாங்க, குமரவேல்."

கோபமே இல்லாமல் சொல்வார். அதுதான் கஷ்டம்.

அந்த அலுவலகத்தின் பின்புறம் வெயில் படாது. மதிலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஒரு துண்டு மண். மேலே தூங்குமூஞ்சி மரம் பெரிய குடையாகக் கவிந்திருக்கும். அங்கே வைத்த செம்பருத்தி பூக்கவில்லை, ரோஜா பிழைக்கவில்லை. மரத்தின் வேர், ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் நமக்கு முன்னால் குடித்துவிடும். அங்கே நின்றது எட்வின் சார் வைத்த அரேலியா ஒன்றுதான். நெல் வயலின் வெளிச்சத்திலிருந்து வந்து அதைப் பார்த்தால், இருட்டில் யாரோ சின்னச் சின்ன வெள்ளை வளையல்களைத் தொங்கவிட்டதுபோல இருக்கும். இலை கொட்டாது. எந்தக் கோடைக்கும் அப்படியே நிற்கும். சாயங்காலம் மேலே மரம் இலைகளை மடக்கிக்கொண்டதும் ஒரு சாம்பல் வெளிச்சம் கீழே இறங்கும். அப்போது பச்சை மறைந்து கரை மட்டும் மிதக்கும். கோப்புகளை அப்படியே போட்டுவிட்டு அதைப் பார்க்கப் போய்விடுவேன்.

வாசல் கூட்டித் தண்ணீர் ஊற்றுகிற அஞ்சலைக்கு அந்தச் செடி பிடிக்காது. அவள் நாற்று நட்டு, களை எடுத்து வளர்ந்தவள். "பச்சையாயிருந்தாத்தானேம்மா செடி? இது என்ன, பாதி வெளுத்துப்போய், காமாலைக்காரனாட்டம்?" என்பாள். குமரவேல் ஒருபடி மேலே போய், "ஜிங்க் பத்தல மேடம். நெல்லுல குருத்து வெளுத்தா என்ன சொல்றோம்? அதேதான்" என்பார். எங்கள் டெல்டாவில் வெளுத்த இலைக்கு நல்ல அர்த்தமே கிடையாது. வெளுத்தால் பூச்சி, வெளுத்தால் பத்தாக்குறை, வெளுத்தால் அந்த வருஷம் போச்சு.

எட்வின் சாருடைய மனைவிக்குச் சென்னையில் கண் ஆபரேஷன் வந்தது. நீண்ட விடுப்பில் கிளம்பும்போது என்னைப் பின்புறம் கூப்பிட்டார். லென்ஸை என் கையில் கொடுத்து, "கரைக்கும் பச்சைக்கும் நடுவுல பாருங்க" என்றார். பார்த்தேன். வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிசாக ஒரு சாம்பல் கோடு ஓடியது, கரைக்குள் இன்னொரு கரைபோல.

"எங்கம்மா தரங்கம்பாடி வீட்டுக் கிணத்தடியில வச்சிருந்தது. கடைகள்ல வெள்ளைக்கரை அரேலியா நிறையக் கிடைக்கும். இந்தச் சாம்பல் கோடு எங்கேயும் இல்ல, தேடிப் பாத்துட்டேன். அம்மாவும் போயிட்டாங்க. அப்புறம் கடல் தண்ணி உள்ள ஏறி அந்தத் தோட்டமே உப்பாயிடுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு கொம்பு ஒடிச்சிட்டு வந்து இங்க வச்சதால இது மிச்சம்."

"விதை வைக்காதா சார்?"

"இங்க வச்சதில்ல. வச்சாலும் விதையில இந்தக் கரை வராது. வேர்த்துண்டு வச்சாலும் வெறும் பச்சைதான் வரும். கரையுள்ள கொம்புலேர்ந்துதான் கரை. அந்தக் கொம்பு போச்சுன்னா, அவ்வளவுதான்." லென்ஸை வாங்கிப் பையில் போட்டார். "நான் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க, மங்கை."

ஒருவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னதை அலுவலகத்தில் பரப்புவானேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சம்பா வயல்கள் கதிருக்கு வந்த நேரம் அது. காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவேன், நேரே வீடு. ஒரு மத்தியானம் மழை விரட்டி அலுவலகத்துக்கு வந்தபோது, வாசலிலேயே குமரவேலும் அஞ்சலையும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி நின்றார்கள்.

"மேடம், உங்க பேஷண்ட்டை டிஸ்சார்ஜ் பண்ணியாச்சு. வந்து பாருங்க."

பின்புறம் போனேன். செடி என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, திமிறிக்கொண்டு, முழுப் பச்சையாக நின்றது. ஒரு கரை இல்லை.

"ஜிங்க் போட்டோம், யூரியாத் தண்ணி ஊத்தினோம்" என்றார் குமரவேல். "அடியிலேர்ந்து ஜம்முனு பச்சைக் கொம்பா கிளம்புச்சு. நோய் பிடிச்ச கொம்பையெல்லாம் எடுத்துட்டோம். சார் வந்தா அசந்துடுவாரு."

"எடுத்ததை எங்க போட்டீங்க?"

"எங்க போடுவோம்? கலவனை வெளியில கொண்டுபோய் அழிக்கணும்னு நீங்கதானே மேடம் வகுப்பு எடுக்கிறீங்க? எரிச்சாச்சு."

அஞ்சலை பெருமையாகச் சொன்னாள்: "சாம்பலை அதுக்கே எருவாப் போட்டுட்டேன்மா."

சாருடைய அம்மாவைப் பற்றி அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன். குமரவேல் அதற்குப் பிறகு பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எட்வின் சாருக்கு ஃபோன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராண்டாவின் சத்தத்துக்கு நடுவே கேட்டார்:

"ஒண்ணுகூட மிச்சமில்லன்னு பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

ஃபோனைக் காதில் வைத்தபடியே செடியைச் சுற்றி மதில் பக்கம் போனேன். அங்கே ஆள் நுழைய இடம் கிடையாது. பாசி பிடித்த சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டு குனிந்தேன். மண்ணை ஒட்டி, பச்சை இலைகளுக்கு அடியில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி. அதில் இரண்டு இலை. இரண்டிலும் கரை. குமரவேல் பாதையில் நின்றபடியே கத்தரித்திருக்கிறார். மதில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வரப்பில் நின்று பார்க்கிற அந்தப் பழக்கத்தை நான் வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள்தான் வாழ்த்தினேன்.

"சார், ஒண்ணு இருக்கு."

"சாம்பல் கோடு?"

கண்ணை இடுக்கிப் பார்த்தேன். "இருக்கு."

நானே கேட்டேன். "நான் என்ன செய்யணும் சார்? வெட்டிப் பதிச்சுடவா?"

"நான் இங்கேருந்து சொன்னா நெனச்சுத்தான் சொல்லணும். நீங்க பாத்துச் செய்யுங்க."

வைத்துவிட்டார். நம்பிக்கையா, தண்டனையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன், ஜெசி. இதைத்தான் நீ கேட்டாய்.

அந்தக் குச்சியை வெட்டி மணலில் நட்டால் அழுகலாம், அடைமழை. பதியம் போடத் தண்டு தடிமன் போதாது. அப்படியே விட்டால் மேலே இருக்கிற பச்சை அதை மூடிவிடும். ஏன் மூடும் என்று உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைப் பகுதி சமைக்காது. பச்சைதான் வெயிலை வாங்கிச் சமைக்கும். முழுப் பச்சை இலைக்கு முழு அடுப்பு. கரை போட்ட இலைக்குச் சின்ன அடுப்பு. நிழலில், விறகே குறைவான இடத்தில், சின்ன அடுப்புக்காரன் தோற்றுப்போவான். இதில் யூரியாவும் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். செடி தேறவில்லை, ஜெசி. செடி தன்னுடைய ஒரு பாதியைக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

ஆக, எடுக்க வேண்டியது பச்சையை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுபோல் இருப்பதை விட்டுவைத்து, சேராததைப் பிடுங்குவது. இங்கே, ஒன்றுபோல் செழிப்பாக நின்றதையெல்லாம் எடுத்து, சேராத ஒன்றை விட்டுவைக்க வேண்டும். கத்தரியோடு அரைமணி நேரம் சும்மா நின்றேன். அத்தனை நல்ல பச்சை. மனதுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

ஒரேயடியாக வெட்டினால் வேர் பட்டினி கிடக்கும். அதனால் குச்சிக்கு மேலே கவிந்திருந்த கொம்பை முதலில் எடுத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. அடியோடு, முளைக்கண் மிஞ்சாமல். யூரியாவை நிறுத்தினேன். மேல் மண்ணைச் சுரண்டி மாற்றினேன். அஞ்சலை தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தாள்.

"என்னம்மா இது, கொழுகொழுன்னு வளந்த புள்ளையை வெட்டிட்டு நோஞ்சானுக்குப் பால் ஊத்துறீங்க?"

"நோஞ்சான்தான் வீட்டுக்கு வாரிசு, அஞ்சலை."

"அப்ப சரி" என்றாள். மறுநாளிலிருந்து அந்தக் குச்சிக்கு 'வாரிசு' என்றே பெயர் வைத்துவிட்டாள். "வாரிசு இன்னிக்குக் கண்ணு முழிச்சிருக்கும்மா" என்று காலையில் எனக்கு ஃபோன் வரும்.

வெளிச்சம் இன்னும் போதவில்லை. காலை வெயில் ஒரு துண்டாவது அங்கே விழ வேண்டும். குறுக்கே தூங்குமூஞ்சியின் தாழ்ந்த கிளை ஒன்று. அரசாங்க மரத்துக் கிளையை வெட்ட மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அது வருவதற்குள் வாரிசு போய்விடும். அப்போதுதான் குமரவேல் வாயைத் திறந்தார். "வெட்டத்தானே மேடம் அனுமதி வேணும்? இழுத்துக் கட்டறதுக்கு?" பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, விதை மூட்டைச் சணல் கயிற்றோடு மரத்தில் ஏறினார். கட்டெறும்பு கடித்துக் கத்திக்கொண்டே கிளையை ஒருபக்கமாக இழுத்துக் கட்டினார். மறுநாள் காலையில், உள்ளங்கை அகல வெயில் வந்து அந்த மண்ணில் உட்கார்ந்தது.

குச்சியில் முதலில் வந்த துளிர் வெறும் பச்சை. கிள்ளினேன். அடுத்தது முழு வெள்ளை. பாலில் தோய்த்ததுபோல, நரம்புகூட வெள்ளையாக, அப்படி ஒரு அழகை நான் எந்த வயலிலும் பார்த்ததில்லை. ஆசை தாங்காமல் விட்டுவைத்தேன். அதற்குச் சமைக்கத் தெரியாது. பக்கத்து இலையின் சோற்றைத்தான் தின்றது. சில நாளில் ஓரம் கருகி, தானாக உதிர்ந்தது. அதன் பிறகுதான் ஒன்று பார்த்தேன். இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தில்தான் முளைக்கண் இருக்கிறது. எந்த இலையில் கரை சரியாக ஓடுகிறதோ, அந்த இலையின் இடுக்கில் இருக்கிற கண்ணுக்கு மேலே நுனியைக் கிள்ளினால், வருகிற துளிரும் கரையோடு வருகிறது. இதைப் புத்தகத்தில் பலர் எழுதியிருக்கலாம். எனக்கு அந்த மதிலோரத்தில் கிடைத்தது.

எட்வின் சார் திரும்பி வந்தபோது செடி முழங்கால் உயரம்கூட இல்லை. நேராகப் பின்புறம் போனார். பேன்ட் நனைவதைப் பார்க்காமல் மண்ணில் முட்டி போட்டார். லென்ஸை எடுத்து ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். குமரவேல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பச்சையை வெட்டுறப்போ உங்களுக்குக் கை வந்துதா, மங்கை?"

"வரல சார்."

"எனக்கும் வராது. ஒவ்வொரு தடவையும்." எழுந்து கட்டியிருந்த கிளையை அண்ணாந்து பார்த்தார். "யாரு கட்டினது?"

"நான்தான் சார்" என்றார் குமரவேல், தூணிலிருந்து.

"முடிச்சு நல்லாயிருக்கு. மரத்துல ஏறித்தானே போட்டீங்க, கீழே நின்னு நெனச்சு இல்லையே?"

அன்றைக்கு அஞ்சலை சிரித்த சிரிப்பு மதிலுக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும்.

அவர் ஓய்வு பெற்றபோது தரங்கம்பாடிக்கு ஒரு கொம்பு கொண்டுபோனார். உப்பு மண்ணுக்குப் பயந்து தொட்டியில் வைத்தார். நான் விடைபெற்றபோது எனக்கும் ஒரு கொம்பு. தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து மாடிவீட்டுக்கும் நடுவே சூரியனுக்கே முகவரி தெரியாத ஒரு சந்து, அங்கே நிற்கிறது. பழைய செடி நீ படமெடுத்த இடத்தில். ஆக, மூன்று இடத்தில் அந்தச் சாம்பல் கோடு இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்த அன்று காலை என் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். ஒரு புதுத் துளிர். பச்சை இல்லை, வெள்ளை இல்லை. எல்லாம் தலைகீழ். நடுவில் வெள்ளை, ஓரத்தில் பச்சைக் கரை. இடையில் அந்தச் சாம்பல் கோடு மட்டும் இடம் மாறாமல். சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டதுபோல. விதை வயல் கணக்கில் இது கலவன். அம்மாவின் கரையைக் காப்பாற்றுகிற கணக்கிலும் இது கலவன். விட்டால் நாளைக்கு இது செடியையே எடுத்துக்கொள்ளலாம். கத்தி என் கையில் இருந்தது. பம்பு செட் ஓரத்தில் தூரை ஊன்றிய அந்த மனிதர் ஏனோ நினைவுக்கு வந்தார். எட்வின் சாரைக் கூப்பிட்டேன்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தேன் சார்."

"வெட்டாதீங்க. வர்றேன்."

இந்த வயதில் தனியாகப் பஸ் ஏறி மறுநாள் மத்தியானம் வந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் சந்துக்குள் நுழைந்தார். சட்டைப் பையில் லென்ஸ். இன்னொரு பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்னக் கத்தி. எதை முதலில் எடுக்கப்போகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

லென்ஸை எடுத்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. பிறகு முகம் முழுக்கச் சிரிப்போடு நிமிர்ந்தார்.

"மங்கை, இதை எங்கம்மா பாத்ததே இல்லீங்க."

கைக்குட்டையைப் பிரித்துக் கத்தியை என்னிடம் நீட்டினார்.

"வளந்ததும் கணுவுக்குக் கீழே வெட்டி, எனக்கு ஒரு கொம்பு குடுங்க. அம்மா தொட்டிக்குப் பக்கத்துல வைக்க இன்னொரு தொட்டி வாங்கிட்டேன். வர்ற வழியிலேயே."